கோமதியின் கட்டத்தில் நான் எழுதிய பதினாலு

போன வாரம் முத்துச்செல்வி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அன்று என்னிடமிருந்து துணை சுகாதார நிலையத்தின் சாவியை வாங்கிக்கொண்ட பெண் அவள். இப்போது என் காலத்துப் பதிவேடெல்லாம் கிடையாதாம். வளரிளம் பெண்களின் விவரத்தை டேப்லெட் கருவியில்தான் ஏற்ற வேண்டுமாம். அதில் பூப்பெய்திய வயது என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கமே திறக்காதாம்.

"நூத்திச் சொச்சம் பிள்ளைய இருக்குதுவோ. ஒவ்வொண்ணாக் கூப்பிட்டுக் கேட்டா என்னைக்கு முடிய? எல்லாத்துக்கும் பதிமூணுன்னு போட்டு விட்டுட்டேன்க்கா" என்று சிரித்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன சொல்கிறோம் என்று தெரியாமலேயே கத்திவிட்டேன். தச்சநல்லூரில் எங்கள் தெருவே எட்டிப் பார்த்திருக்கும். அவள் சுருங்கிப் போன குரலில், ஒரு நம்பர்தானே அக்கா என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. வெயிலில் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு நாலு ஊர் பார்க்கிற பிள்ளை அவள். கத்தினவள் காரணத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர் தாமிரபரணிக்கு வடகரையில் இருக்கிறது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

கிராம சுகாதார செவிலியராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். பதினெட்டு மாதப் பயிற்சியில் பிரசவம் பார்க்கவும், ஊசி போடவும், கிணற்றுக்கு மருந்து போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். பதிவேடு எழுத மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கோடு போட்டு, கட்டம் பிரித்து, ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாமல் எழுதுவேன். மாதாந்திரக் கூட்டத்தில் மற்ற நர்சுகளுக்கு என் பதிவேட்டைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். என் வீட்டுக்காரர்கூட, உன் நோட்டில் நான் எத்தனாவது வரிசை எண் என்று கேலி செய்வார். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

பிள்ளைகளிடம் போய் நீ பெரியவளாயிட்டியா என்று கேட்பது எங்கள் பக்கம் அவ்வளவு லேசு இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நகத்தைக் கடிக்கும், இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும். அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். எந்த வீட்டில் சடங்குப் பந்தல் போட்டாலும் எனக்குப் பத்திரிகை வந்துவிடும். போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன், வந்ததும் பதிவேட்டில் வயதை எழுதிவிடுவேன். ஊரே கூடி, மைக் செட் கட்டி, ஆள் உயரத்துக்கு பிளக்ஸ் வைத்துச் சொல்லுகிற சேதியை மறுபடி ஒரு தடவை அந்தப் பிள்ளையிடம் கேட்பானேன் என்பது என் எண்ணம்.

அப்போது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டரம்மா வேறு மாதிரி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒல்லியாக, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். பெண்பிள்ளையை அம்மா அழைத்து வந்தால், முதல் வேலையாக அம்மாவைச் சீட்டுப் பதியவோ எடை அட்டை வாங்கவோ வெளியே அனுப்பிவிடுவார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாதக் காலண்டர் வரும். யாரோ பலசரக்குக் கடைக்காரர் கொடுத்தது. கூடவே ஒரு சிவப்புப் பென்சிலும் ஒரு நீலப் பென்சிலும் வரும். வாயால் சொல்லக் கூசுகிற பிள்ளைகள் பென்சிலால் சொல்லிவிடும் என்பார். சிவப்பு வலிக்கு, நீலம் தீட்டுக்கு. இதெல்லாம் நேரத்தைத் தின்கிற வேலை என்று நான் உள்ளுக்குள் முணுமுணுத்திருக்கிறேன்.

என் ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கோமதி, அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். இளையவள் வடிவு, ஆறாம் வகுப்பு. சைவக் குடும்பம், ஒரு காலத்தில் நிலபுலம் இருந்த வீடு. அம்மா பகவதி நல்ல மரியாதை தெரிந்தவள், என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள். அந்த வருடம் மே மாத விடுமுறையில் அவர்கள் வீட்டிலிருந்து பத்திரிகை வந்தது. பிரித்துப் பார்த்தால் இரண்டு பெண்களுக்கும் சேர்த்துச் சடங்கு. ஒரே வாரத்தில் இரண்டு பேரும் பெரியவளாகிவிட்டார்களாம். பம்பாயில் இருக்கிற தாய்மாமன் லீவு போட்டு வந்திருக்கிறானாம். ஊரே அதிசயப்பட்டது. எனக்கும் அதிசயம்தான். ஆனால் அக்கா தங்கைக்கு அப்படி நடப்பது உண்டு என்று கேட்டவர்களுக்கு நானே விளக்கம் சொன்னேன்.

பந்தலில் இரண்டு பெண்களும் ஒரே நிறப் பட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வடிவு சீர்த்தட்டில் இருந்த சாக்லேட் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து, ஏட்டி, உனக்கு என்ன இவ்வளவு வெட்கம் என்று அவள் கன்னத்தைத் தட்டினேன். அவள் சிரிக்கவில்லை. சாப்பிட்டு, வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்து, அன்றைக்கே பதிவேட்டை எடுத்தேன். வடிவு, பதினொன்று. கோமதி, பதினாலு.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம். பள்ளிக்கூடத்தில் அரசு தருகிற நாப்கின் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு கோமதி என் நோட்டில் கையெழுத்துப் போடுவாள். நான் எடுக்கிற சுகாதார வகுப்பில் முதல் வரிசையில் உட்காருவாள். இடையில் பகவதி என்னிடம் வந்து, பிள்ளைக்கு மாசாமாசம் வயித்துவலி என்று சொன்னாள். எல்லாருக்கும் உள்ளதுதான், சுக்கு வெந்நீர் கொடு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினேன். இன்னொரு தடவை வந்து, நாள் ஒழுங்காக வரவில்லை, வர வைக்க ஏதாவது மருந்து உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். இப்போது எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் நீர்க்கட்டி, ஹார்மோன் கோளாறு என்றுதானே சொல்கிறார்கள்? எனக்கும் அதுதான் தோன்றியது. பெண் பதினாலு வயதில் பூப்பெய்தியவள், சில மாதங்களாக மாதவிடாய் ஒழுங்கில்லை என்று ஒரு சீட்டு எழுதி, டவுனில் ஒரு தனியார் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். என் கையெழுத்து எப்போதும் முத்து முத்தாக இருக்கும்.

அந்த டாக்டர் என் சீட்டை நம்பினார். பத்து நாள் ஹார்மோன் மாத்திரை, நிறுத்தினால் தானாக வரும் என்றார். வரவில்லை, வலிதான் கூடியது. ஸ்கேன் எடுத்ததில் அடிவயிற்றில் பெரிய கட்டி என்று வந்தது. கர்ப்பப்பையோடு ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கிறது, வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும், பையையும் சேர்த்து எடுக்கும்படி ஆகலாம், எதற்கும் தயாராக வாருங்கள் என்று திங்கட்கிழமைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்களாம். பதினைந்தரை வயதுப் பிள்ளைக்குக் கர்ப்பப்பையை எடுப்பது என்றால் என்ன? பகவதி என் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அவளோடு சேர்ந்து அழுதேனே ஒழிய, வேறு எதையும் யோசிக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் தடுப்பூசி எழுதிக்கொண்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும். ஷேர் ஆட்டோவிலிருந்து பகவதியும் கோமதியும் இறங்கினார்கள். கோமதி இரண்டாக மடங்கி நடந்து வந்தாள். முதல் நாள் மத்தியானத்திலிருந்து சிறுநீர் போகவில்லையாம். டவுன் வரைக்கும் தாங்காது என்று இங்கே கொண்டுவந்திருக்கிறாள்.

டாக்டரம்மா வழக்கம்போல அம்மாவைச் சீட்டுப் பதிய அனுப்பினார். உள் அறையில் பெண்ணைப் படுக்க வைத்து, திரையை இழுத்துவிட்டு, சிறுநீர்க் குழாய் போடத் தயாரானார். என்ன செய்யப் போகிறேன், எங்கே வலிக்கும், எப்போது மூச்சை இழுத்து விட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் கையுறையே மாட்டினார். நான் விளக்கைப் பிடித்திருந்தேன். குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றார். விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவரச் சொன்னார். நானும் பார்த்தேன். பிறப்புறுப்பின் வழி இருக்க வேண்டிய இடத்தை மெல்லிய தோல் முழுக்க மூடியிருந்தது. உள்ளே எதுவோ தேங்கி, அந்தத் தோல் நீலம் பாரித்துப் புடைத்து நின்றது. பார்த்தேனே தவிர, எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் நோட்டின்படி அந்தப் பிள்ளை ஒன்றரை வருடமாக மாதவிடாய் ஆகிறவள்.

குழாய் வழியாக நீர் இறங்கியதும் கோமதி முகத்தில் உயிர் வந்தது. டாக்டரம்மா போர்வையை இழுத்து மூடினார். போய்க் காலண்டரையும் பென்சில்களையும் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். வலி வந்த நாளுக்கெல்லாம் சிவப்பு வட்டம் போடச் சொன்னார். கோமதி அந்த மாதத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் போட்டாள். யோசிக்கவே இல்லை. நாலு வாரத்துக்கு மூன்று வட்டம், நாலு வாரத்துக்கு மூன்று வட்டம் என்று ஜனவரி வரைக்கும் போய்விட்டது. அப்புறம் நிமிர்ந்து, "போன வருசக் காலண்டர் இருக்கா டாக்டர்?" என்றாள்.

டாக்டரம்மா நீலப் பென்சிலை நீட்டினார். இப்போது தீட்டுப் பட்ட நாளுக்குப் போடு என்றார்.

கோமதி பென்சிலை வாங்கினாள். அப்புறம் பையக் கீழே வைத்தாள். "போட ஒண்ணும் இல்ல டாக்டர்."

"இந்த வருஷமா?"

"எப்பவுமே இல்ல."

என்னால் பொறுக்க முடியவில்லை. டாக்டர் இருக்கிறார் என்பதையும் மறந்துவிட்டு, "ஏட்டி, என்ன உளறுத? பந்தல் போட்டுச் சடங்கு கழிச்சாங்களே, நானே வந்து சாப்பிட்டேனே?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை அந்தப் பார்வையில். "சடங்கு வடிவுக்குத்தான் நர்சம்மா. நான் சும்மா கூட உக்காந்திருந்தேன்" என்றாள்.

எத்தனையோ பிரசவம், எத்தனையோ சாவு பார்த்தவள் நான். அன்றைக்கு ஆடிப்போன மாதிரி என்றைக்கும் ஆடிப்போனதில்லை.

பகவதியை உள்ளே கூப்பிட்டதும் எல்லாம் வெளியே வந்தது. இளையவள் முதலில் பெரியவளாகிவிட்டாள். மூத்தவளுக்கு எந்த அறிகுறியும் இல்லை. எள்ளும் கருப்பட்டியும் இடித்துக் கொடுத்துப் பார்த்தாளாம், ஒன்றும் நடக்கவில்லை. பம்பாயிலிருந்து வந்த தம்பிக்கு லீவு முடிகிறது. "மூத்தவள வச்சுக்கிட்டு இளையவளுக்கு மட்டும் எப்பிடிப் பந்தல் போட முடியும்? மூத்ததுக்கு என்ன குறைன்னு ஊரே கேக்கும்லா? நாளைக்கு அவள யாரு கெட்டுவா?" என்றாள். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு ஆகத்தானே போகிறாள் என்று நினைத்தாளாம். அவள் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை. வடிவுக்கும் தெரியாது. மாதத்துக்கு மூன்று நாள் கோமதியை மச்சு அறையில் தனியாகப் பாயும் தட்டும் கொடுத்து உட்கார வைத்தாளாம். நான் கொடுத்த நாப்கினெல்லாம் வடிவுக்குப் போயிருக்கிறது. ஒன்றரை வருடமாக நான் சீட்டு எழுதியது, மாத்திரை கொடுத்தது எல்லாம் அந்த நாடகத்துக்கு.

இதில் என்னை இன்றைக்கும் பதற வைக்கிற விஷயம் இனிமேல்தான் வருகிறது. அந்த நாடகம் ஒரு மாதம்கூடப் பொய்யாக இருக்கவில்லை. முதல் வலி எப்போது வந்தது என்று டாக்டரம்மா கேட்டதற்கு, மாமா பம்பாய்க்கு ரயிலேறின வாரம் என்று கோமதி சொன்னாள். அன்றைக்கே அவள் நிஜமாகப் பெரியவளாகிவிட்டாள். இரத்தம் வெளியே வர வழியில்லாமல் மாதாமாதம் உள்ளேயே தங்கியிருக்கிறது. அதைத்தான் ஸ்கேனில் கட்டி என்றார்கள். ஹார்மோன் மாத்திரை இன்னும் கொஞ்சம் சேர்த்துவிட்டிருக்கிறது. இன்னும் பூப்பெய்தவே இல்லை என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எந்த டாக்டரும் முதலில் வழி அடைத்திருக்கிறதா என்றுதான் பார்த்திருப்பார். சீட்டில் பதினாலு என்று இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா பகவதியைத் திட்டவில்லை. கட்டி இல்லை, கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை, அந்தத் தோலைச் சின்னதாகக் கீறிவிட்டால் போதும், உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று விளக்கினார். பகவதி கும்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்த இடத்தில் கத்தி வைத்தால் நாளைக்குக் கட்டிக்கொண்டு போகிறவன் என்ன சொல்லுவான் என்று கேட்டாள். திங்கட்கிழமை கர்ப்பப்பை போனாலும் போகட்டும் என்று துணிந்திருந்தவள், அரை அங்குலக் கீறலுக்குப் பயந்தாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. அறையவும் யோக்கியதை இல்லாதவள் நான்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கல்யாணத்துக்கு ஆள் வேணும்லம்மா. முதல்ல இவ இருக்கணும்" என்றார். என்ன குறை, என்ன சிகிச்சை, ஏன் செய்தோம் என்று ஒரு தாளில் எழுதித் தருகிறேன், யார் கேட்டாலும் காட்டு என்றும் சொன்னார். பகவதி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் டாக்டரம்மா என் பதிவேட்டைக் கேட்டார். கோமதியின் வரிசையில் விரலை வைத்தார். "இந்தப் பதினாலு எங்கயிருந்து வந்தது சிஸ்டர்?"

"சடங்குக்குப் போயிருந்தேன் டாக்டர்."

"அவ சொன்னாளா?"

"இல்ல டாக்டர். நான் கேக்கல."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்று இராத்திரி தூங்கியிருப்பேன். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள், அடியில் என்ன இருந்தது என்பது தெரிய வேண்டும் என்று பேனாவை நீட்டினார். முப்பத்திரண்டு வருடத்தில் என் நோட்டில் விழுந்த முதல் அடித்தல் அது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். இப்போதைக்குக் காலியாக விடுங்கள் என்றார்.

பெரியாஸ்பத்திரியில் அன்றைக்குச் சாயங்காலமே செய்துவிட்டார்கள். நானும் கூடப் போயிருந்தேன். கருப்பட்டிப் பாகு மாதிரி கறுத்துக் கெட்டியாக ஒரு லிட்டருக்கு மேல் வெளியே வந்ததாக அங்கிருந்த நர்சு சொன்னாள். கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை, சினைப்பைகளும் நன்றாக இருக்கின்றன, மற்றப் பெண்களைப்போல இவளும் பிள்ளை பெறலாம் என்று அங்குள்ள டாக்டர் சொன்னபோது அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தன் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குப் போகும்போது பகவதி என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், வடிவுக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினாள். ஊருக்குக் கட்டி என்று சொல்லிக்கொள்கிறோம் என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். ஆனால் அன்றிலிருந்து எந்தச் சடங்கு வீட்டுச் சாப்பாடும் எனக்கு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு மூலையைத் திரை போட்டு வாங்கிக்கொண்டேன். காலண்டரும் இரண்டு பென்சிலும் என் பைக்குள்ளும் வந்துவிட்டன. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மேல் பார்க்க முடியாது. மாதாந்திரக் கூட்டத்தில் என் நோட்டைத் தூக்கிக் காட்டுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவு காலிக் கட்டம்.

ஒரு மாதம் கழித்து, பள்ளிக்கூடம் விட்ட நேரம். துணை நிலையத்தில் நான் மட்டும் இருந்தேன். கோமதி சீருடையோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வா என்றேன். வந்து மேசைப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நேத்து எனக்கு வந்துட்டு நர்சம்மா. உங்க நோட்டுல எழுதிக்கிடுங்க" என்றாள்.

பேனாவை எடுத்தேன். அடித்த பதினாலுக்குப் பக்கத்தில் அவள் சொன்னபடியே எழுதினேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஊரைக் கூட்டிப் பந்தல் போட்ட சேதி, இன்றைக்கு அவளும் அவள் அம்மாவும் நானும் மட்டும் அறிந்த சேதியாக அந்தக் கட்டத்துக்குள் போயிற்று. இனி வலித்தால் மறைக்காமல் என்னிடம் வா என்றேன். வழக்கம்போல ஒரு நாப்கின் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்து நோட்டை நீட்டினேன். கையெழுத்துப் போட்டாள்.

போகவில்லை. பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கனயே நின்றாள். என்ன பிள்ளை என்றேன்.

"இத எப்பிடி வைக்கணும்? இன்னைக்குப் பூரா பழைய துணியத்தான் சுத்தி வச்சிருக்கேன்" என்று கேட்டாள். "நீங்க கிளாஸ்ல சொல்லும்போது நான் கவனிக்கல, எனக்குத்தான் இல்லயேன்னு இருந்துட்டேன். அம்மாவுக்குத் துணிதான் தெரியும், வடிவுகிட்டயும் கேக்க முடியாதுல்லா."

என் நோட்டில் இந்தப் பாக்கெட்டுக்கு அவள் போட்டது எட்டாவது கையெழுத்து. நான் எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து, பாக்கெட்டை அவள் கையிலிருந்து வாங்கிப் பிரித்தேன்.